சந்தனமும் அதன் அயலாரும்



ஸ்ரீராம்புரத்து மெட்ரோ நிலையத்தில் ஏறி யஷ்வந்தபுரம் நோக்கிச் செல்லும் வண்டியில் அமர்ந்தோமானால், குவெம்பு சாலை, ராஜாஜி நகர், மகாலட்சுமி ஆகிய மூன்று நிலையங்களைக் கடந்தபின் நான்காவதாக வருவது 'சாண்டல் சோப் பாக்டரி' நிலையம். 2014 மார்ச்சு மாதத்தில் இப்பாதை திறக்கப்பட்ட நாள் முதல் அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆலை அதற்கும் பழையது. 1957 இல் அது ராஜாஜி நகர்ப் பகுதிக்கு வந்துவிட்டது. (அந்த நகருக்குப் பெயர் தந்த இராஜாஜியும் அன்றைய சேலம் ஜில்லாவில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர் என்பது நம்மவருக்கு ஒரு சிறு பெருமை.) சந்தன மணத்தை இத்தனை அருகில் வைத்துக்கொண்டு வாழும் நாம், அந்தச் சந்தனம் எங்கிருந்து வந்தது, இனி எங்கிருந்து வரும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இன்று அதைக் குறித்துச் சிறிது பேசுவோம்.

நம்மில் பலருடைய பாட்டன்மார் திருப்பத்தூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர் ஆகிய பக்கங்களிலிருந்து பஞ்சாலை வேலைக்கும், ரயில்வே வேலைக்கும், கட்டட வேலைக்கும் இவ்வூர் வந்து சேர்ந்தவர்கள். அவ்வூர்களுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் சவ்வாது மலையும், சித்தேரி மலையும், இன்னும் மேற்கே சத்தியமங்கலம் மலையும் சந்தனம் விளையும் மலைகளே. திருப்பத்தூரில் உள்ள சர்க்கார் சந்தனக் கிடங்கின் பெயர் அந்தப் பக்கத்தார் அனைவருக்கும் தெரியும். ஆகவே சந்தனத்தின் கதை என்பது மைசூர் அரண்மனையின் கதை மட்டுமன்று. நாம் விட்டு வந்த மலையடிவாரங்களின் கதையும் ஆகும்.

முதலில் மரத்தை அறிந்துகொள்வோம். சந்தனம் பெரிய மரமன்று. தேக்கைப்போலக் காட்டை ஆளும் உயரம் அதற்கில்லை. ஆனால் அதனிடம் ஒரு விந்தையான இயல்பு உண்டு. பச்சை இலை இருப்பதால் வெயிலைக் கொண்டு தன் உணவில் ஒரு பகுதியைத் தானே ஆக்கிக்கொள்கிறது. எனினும் நீரையும் மண்ணின் உப்புச் சத்துக்களையும் பெறுவதற்குத் தன் வேரை மட்டும் நம்புவதில்லை. பக்கத்தில் நிற்கும் செடி கொடி மரங்களின் வேரைத் தேடிச் சென்று, சிறு குமிழ் போன்ற உறிஞ்சிகளால் அவ்வேரைப் பற்றி, அதிலிருந்து இழுத்துக்கொள்கிறது. இந்த உண்மையை விஞ்ஞானிகள் 1871 இல் கண்டு எழுதினார்கள். புங்கு, வேம்பு, சவுக்கு, வேலமர வகைகள் எனப் பல மரங்கள் சந்தனத்துக்கு இவ்வாறு துணை நிற்கும். நாற்றங்காலில் இளங்கன்றாய் இருக்கும்போது துவரைச் செடியை ஒட்டி வளர்ப்பது வழக்கம். துணையின்றித் தனியே நட்ட சந்தனம் சில காலம் பிழைத்திருந்து, பிறகு வெளிறி மெலிந்து போகும். மணத்தால் உலகப் புகழ் பெற்ற மரம் அயலாரின் தயவில் உயிர் வாழ்கிறது!

அது மட்டுமன்று. கருநீலமாய்ப் பழுக்கும் அதன் சிறு பழத்தைக் குயிலும் கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று, கொட்டையை வேறிடத்தில் போடுகின்றன. முட்புதரின் நிழலில் விழுந்த கொட்டை முளைக்கிறது. ஆட்டின் வாய்க்கு எட்டாதபடி புதரே அதற்கு வேலியாகிறது. பிறகு அதே புதரின் வேர் அதற்குத் தாதியாகிறது. பத்து ஆண்டு கடந்த பிறகே, மரத்தின் நடுவில், வெள்ளைக் கட்டைக்கு உள்ளே, மணமுள்ள வைரம் பாயத் தொடங்கும். அந்த வைரம் விலை பெறும்படி திரள்வதற்கு முப்பது, நாற்பது, அறுபது ஆண்டுகளும் ஆகும். பறவையும் புதரும் அயல் மரமும் காலமும் ஒருங்கே அமைந்த பழங்காடுதான் சந்தனத்தை இயற்கையாக ஈன்று தந்துகொண்டிருந்தது.

இத்தகைய மரத்தை ஆட்சியாளர்கள் எவ்வாறு காத்தார்கள்? 1792 இல் திப்பு சுல்தான் அதனை அரசுக்குரிய மரமாக ஆக்கினார் என்பது வரலாறு. அதன்பின் வந்த மைசூர் மன்னர்களும் அந்த உரிமையைக் கைவிடவில்லை. கட்டையை ஏலத்தில் விற்று வந்த சமஸ்தானத்துக்கு 1914 இல் ஒரு நெருக்கடி நேர்ந்தது. அதுவரை ஜெர்மனிக்குச் சென்று எண்ணெயாக வடிக்கப்பட்டுவந்த கட்டை, முதல் உலகப் போர் மூண்டதும் கிடங்கில் தேங்கியது. அப்போது திவானாக இருந்தவர் சர் எம். விசுவேசுவரய்யா. எண்ணெயை இங்கேயே வடித்தால் என்ன என்ற கேள்விக்கு விடையாக 1916 இல் எண்ணெய் ஆலையும், 1918 இல் சோப்பும் பிறந்தன. கட்டையாகப் போனது எண்ணெயாகவும் சோப்பாகவும் போகத் தொடங்கியது; வருவாய் பெருகியது. தொழில் வரலாற்றில் இது ஒரு நல்ல அத்தியாயம் என்பதில் ஐயமில்லை. ஆலையின் புகழைப் பேசுவோர் காட்டின் கணக்கைச் சேர்த்துப் பேசுவதில்லை என்பது மட்டுமே நமது குறை.

அந்தக் கணக்கில் மிக முக்கியமானது ஒன்று உண்டு. மற்ற மரங்களை வெட்டுவார்கள், சந்தனத்தைப் பறிப்பார்கள். ஏனெனில் எண்ணெய் மிகச் செறிந்திருப்பது வேரிலும் அடிமரத்திலுமாகும். கிளைக்குப் போகப் போக அது குறையும். ஆகவே சுற்றிலும் குழி தோண்டி, ஆணிவேர் வரை அகழ்ந்து, ஒரு துண்டும் வீணாகாமல் எடுப்பதே முறை. குழியில் எஞ்சிய வேர்த் துணுக்கிலிருந்து சில சமயம் கன்று கிளம்புவது உண்டு. ஆனால் அது ஆட்டுக்கும் காட்டுத் தீக்கும் தப்ப வேண்டும்.

இதனோடு தேக்கை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலையில் டாப்சிலிப் என்னும் இடம் உண்டு. மலையுச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரிவில் வழுக்கி விட்டதனால் வந்த பெயர் அது. கப்பல் கட்டுவதற்கும், பின்னர் ரயில் பாதைக்கும் அந்தக் காடு பெரிதும் வெட்டப்பட்டது. அழிந்து வந்த அந்தக் காட்டின் பொறுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ வுட் என்னும் வெள்ளைக்கார அதிகாரியிடம் வந்தது. மரத்தை அடியோடு பெயர்க்காமல், தரையை ஒட்டி வெட்டி, அடிக்கட்டையை மண்ணில் விட்டுவிட வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த முறை. ஆழ வேரூன்றிய அடிக்கட்டையிலிருந்து தளிர்கள் கிளம்பும். வலியதை நிறுத்தி மற்றவற்றைக் கழித்தால் அதுவே அடுத்த மரம். ஒரு பகுதியை வெட்டி, அது மீண்டும் வளரும் வரையில் மற்றப் பகுதிகளுக்குச் சென்று வந்தால், காட்டில் மரம் இருந்துகொண்டே இருக்கும். ஊருக்குக் கட்டையும் கிடைத்துக்கொண்டே இருக்கும். நடந்து போகும் வழியெல்லாம் கைத்தடியால் மண்ணைக் குத்தித் தேக்கு விதையிட்டுச் சென்றார் என்று அவரைப் பற்றி இன்றும் அங்கே சொல்வார்கள். 1933 இல் இறந்த அவரது கல்லறை அந்தத் தேக்குகளின் நடுவிலேயே இருக்கிறது. கல்லறையில் பொறித்த லத்தீன் வாசகம், அவரைக் காண விரும்புவோரைச் சுற்றிலும் பார்க்கச் சொல்கிறது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தேக்கு நிரையை நாம் காடு என்று சொல்லிவிடலாகாது. பலவகை மரம் செறிந்த பழங்காட்டை அகற்றிவிட்டு ஒரே மரத்தை வரிசையாக நட்ட இடங்கள் நம் நாட்டில் பல உள்ளன. கட்டைக் கணக்கு அங்கே சரியாக இருக்கும். இருவாட்சிக்குப் பொந்து இராது, யானைக்குத் தீனி குறையும், இலையுதிர்ந்த மார்ச்சு மாதத்தில் தரை வெந்து கிடக்கும். இந்த வகையில் சந்தனம் தேக்கைவிடக் கண்டிப்பான ஆசிரியர். தேக்கைத் தனியே வளர்த்துவிடலாம். சந்தனத்தைத் தனியே வளர்க்க முடியாது. அயல் மரங்களை அகற்றினால் அதுவும் போய்விடும்.

சட்டம் இந்த உண்மையைக் கண்டுகொள்ளவில்லை. மரம் எங்கே முளைத்தாலும் அது சர்க்காருடையது என்றிருந்தது. குடியானவனின் வரப்பில் பறவை போட்ட கொட்டை முளைத்தாலும் அது அவனுடையதன்று. மரம் களவு போனால் கேள்வி மட்டும் அவனிடம் வரும். இந்நிலையில் விவேகமுள்ள குடியானவன் என்ன செய்வான்? இரண்டு இலை விட்டபோதே கிள்ளி எறிந்துவிடுவான். கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் எத்தனை லட்சம் கன்றுகள் இவ்வாறு ஓசையின்றி ஒழிந்தன என்பதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. காவலன் கையில் துப்பாக்கியைக் கொடுத்த சட்டம், காப்பதில் எந்த லாபமும் இல்லாதபடி மக்களை நிறுத்தி வைத்தது.

நோயும் சேர்ந்துகொண்டது. 1899 இல் குடகில் முதன்முதலாகக் காணப்பட்ட 'ஸ்பைக்' என்னும் நோய் தாக்கிய மரத்தில் இலைகள் சிறுத்துக் கூரிய முள் போலச் சிலிர்த்து நிற்கும். பூவும் காயும் நின்றுபோகும். சில ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். எழுபது ஆண்டுக்காலம் காரணம் பிடிபடவில்லை. 1969 இல் மின்னணு நுண்பெருக்கியின் கீழ் அந்த நுண்ணுயிர் தென்பட்டது. இலையில் சாறு குடிக்கும் பூச்சிகள் அதைப் பரப்புகின்றன. மருந்து இன்றும் கைவரவில்லை. நமக்கு அடுத்த மல்லேசுவரத்தில், 1938 இல் மைசூர் அரசு தொடங்கிய வன ஆராய்ச்சிக் கூடத்தின் வழி வந்த மரவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், இந்த மரத்தையும் இந்த நோயையும் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலமாக நடந்து வருகிறது.

கட்டையின் விலை ஏறியது. மரத்தின் எண்ணிக்கை குறைந்தது. விலை ஏறிய பொருள் காட்டில் காவலின்றி நிற்குமா? வீரப்பனுடைய பெயரை நேயர்களுக்கு நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2004 அக்டோபர் 18 இல் அவன் சுட்டுக் கொல்லப்படும் வரை இரு மாநில எல்லைக் காடுகளும் துப்பாக்கியின் நிழலில் கிடந்தன. அவனைப் பற்றிப் படங்கள் வந்துள்ளன. வாச்சாத்தியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடியில், மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர் அது. சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி, 1992 ஜூன் 20 அன்று காட்டிலாகாவினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் திரளாகப் புகுந்து, மக்களை அடித்து, வீடுகளைப் பாழாக்கினார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பத்தொன்பது ஆண்டு கழித்து, 2011 செப்டம்பர் 29 இல், குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்த்தது. 2023 செப்டம்பர் 29 இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. சந்தனத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் நடந்தது இது. அந்த ஊருக்கு நீதி கிடைக்க முப்பத்தோர் ஆண்டு ஆயிற்று; அந்த மலைக்குச் சந்தனம் திரும்பவில்லை.

1950களில் இந்தியாவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4000 டன் சந்தன வைரம் எடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள்; பின்னாளில் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. 1998 இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இம்மரத்தை அழியும் அபாயத்துக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இதற்கிடையே ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், குனுனுரா என்னும் ஊரைச் சுற்றி, ஆற்றுப் பாசனத்தில், துணை மரங்களோடு சேர்த்து நம் நாட்டுச் சந்தனத்தைப் பெருந்தோட்டமாக வளர்க்கத் தொடங்கினார்கள். துணை மரம் வேண்டும் என்பதை வியாபாரியும் மீற முடியவில்லை, பாருங்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு, காட்டிலிருந்து சந்தனம் எடுப்பதையே நிறுத்திவிடுவதுதான் வழி என்று தோன்றலாம். அப்படியன்று என்பதற்குச் சான்று நமக்கு எட்டும் தூரத்திலேயே உண்டு. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலையில், கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், மறையூர் இருக்கிறது. தமிழ் பேசுவோர் நிறைந்த ஊர். அங்கே இயற்கையாக வளர்ந்த சந்தனக் காடு இன்னும் நிற்கிறது. 2005 இல் அதற்கென்றே ஒரு தனி வனக் கோட்டம் அமைக்கப்பட்டது. கம்பி வேலியும் இரவுக் காவலும் உண்டு. அக்காவலில் மலைவாழ் குடிகளின் பங்கு பெரிது. பச்சை மரத்தில் கோடரி வைப்பதில்லை. தானே பட்ட மரம், காற்றில் சாய்ந்த மரம், யானை தள்ளிய மரம், களவிலிருந்து மீட்ட கட்டை, இவற்றை மட்டும் சேகரித்து, சீவி, தரம் பிரித்து ஏலம் விடுகிறார்கள். ஊழியர் சம்பளமும் காவற் செலவும் போகக் காடு வருவாய் தருகிறது. மறையூரிலும் களவு உண்டு, ஸ்பைக் நோயும் உண்டு. அது சுவர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பறவைகள் பழத்தைத் தின்கின்றன, புதரடியில் கன்று முளைக்கிறது, பட்ட மரத்தின் இடத்தை வேறொன்று பிடிக்கிறது. வங்கியில் முதலை வைத்துக்கொண்டு வட்டியை மட்டும் உண்ணும் குடும்பஸ்தனின் நிதானம் அங்கே தெரிகிறது.

சட்டமும் மெல்லத் திருந்தியது. 1996 டிசம்பர் 12 இல், கூடலூர்ப் பகுதிக் காடுகள் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைக்குப் பின், மத்திய சர்க்காரின் ஒப்புதல் பெற்ற திட்டத்தின்படியன்றி எந்த மாநிலத்துக் காட்டிலும் மரம் வெட்ட முடியாது. 2001 இல் கருநாடகமும் 2002 இல் தமிழ்நாடும் தங்கள் சட்டங்களைத் திருத்தி, சொந்த நிலத்தில் வளர்ந்த சந்தன மரம் நிலத்துக்கு உரியவனுக்கே உடைமை என்று ஆக்கின. இருநூறு ஆண்டுப் பழைய தவறு அவ்வாறு நீங்கியது. வெட்டுவதற்கும் வண்டியில் ஏற்றிச் செல்வதற்கும் காட்டிலாகாவின் அனுமதி இன்னும் வேண்டும். அது இருப்பதும் நல்லதே. களவுக் கட்டைக்கும் நேர்மையான கட்டைக்கும் வித்தியாசம் காட்ட வேறு வழி என்ன?

இவ்வூரிலேயே பாருங்கள். கப்பன் பூங்காவிலும், விஞ்ஞான நிலையத்தின் பெரிய வளாகத்திலும் நின்ற சந்தன மரங்கள் நள்ளிரவில் அறுத்துச் செல்லப்பட்ட செய்தி பல முறை பத்திரிகையில் வந்திருக்கிறது. காவலுள்ள நகரத்தின் நடுவிலேயே இவ்வாறு என்றால், அரூரின் ஒரு மூலையில் மானாவாரி நிலம் வைத்திருப்பவர் எவ்வாறு துணிவார் என்று கேட்பது நியாயம். எனவே நம் மக்களுக்கு நாம் சொல்லக்கூடியது அளவான யோசனைதான். ஊரில் நிலம் உள்ளவர்கள் சந்தனத்தை மட்டும் வைத்துப் பெரும்பணம் பார்க்கலாம் என்று விற்பனைக்காரர் காட்டும் கணக்கை நம்பிவிட வேண்டாம். அந்தக் கணக்கில் வைரம் பாய்வதற்கு ஆகும் காலமும் காவற்கூலியும் பெரும்பாலும் இருப்பதில்லை. வரப்பில் புங்கும் வேம்பும் இருக்கட்டும்; அவற்றிடையே, நான்கைந்து முழம் தள்ளி, துவரையோடு சேர்த்து ஒரு சந்தனக் கன்றை வைக்கலாம். துவரை ஓரிரு ஆண்டில் முடிந்துபோகும். அதற்குள் கன்றின் வேர் புங்கின் வேரைத் தேடிப் பிடித்திருக்கும். முதல் மூன்று கோடையில் தண்ணீரும் ஆட்டுக்கு வேலியும் தேவை. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, மரத்தை நிலக் கணக்கில் பதியச் செய்துகொள்வது பின்னாளில் அனுமதி கேட்கும்போது உதவும்.

நல்ல கன்று எது, எந்த மண்ணுக்கு எந்தத் துணை மரம் பொருந்தும் என்று கேட்டறிய விரும்புவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மல்லேசுவரம் பதினெட்டாவது குறுக்குத் தெருவில் உள்ள அந்த ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீராம்புரத்திலிருந்து சிறிது தொலைவுதான். விவசாயிகளுக்குச் சந்தன வளர்ப்பைப் பற்றி அவ்வப்போது பயிற்சியும் அங்கே நடத்துகிறார்கள். ஊருக்குப் போகும் முன் ஒரு வேலை நாளில் சென்று விசாரித்துக்கொண்டால், தீபாவளிக்குப் போகும் பையில் துவரை விதையையும் சேர்த்துக் கொண்டு போகலாம். ஐப்பசி மழை ஈரம் மண்ணில் இருக்கும்போதே கன்று வைத்துவிடலாம்.